நாற்பது காடு, ஒரு பரண்

போன மாதம் உங்கள் புள்ளியியல் பயிற்சியின் கடைசி நாளன்று, ஓய்வு பெற்ற என்னையும் கூப்பிட்டிருந்தீர்கள். முன்வரிசையில் உட்காரவைத்து, சால்வை போர்த்தி, காபி கொடுத்தீர்கள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு உங்களில் ஒரு தம்பி திரையில் ஒரு கணக்கைக் காட்டினார். சுத்தமான கணக்கு, குறை சொல்ல ஒன்றுமில்லை. அதன் முதல் வரியில், கண்ணாடி போட்டுப் பார்த்தால்தான் தெரிகிற எழுத்தில், "மாறிகள் ஒன்றையொன்று சாராதவை என்க" என்று இருந்தது. தம்பி அந்த வரியை வாசிக்கவே இல்லை. நேரே விடைக்குப் போனார். எல்லோரும் கை தட்டினீர்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சால்வை போட்டவர்களிடம் சண்டை போடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இப்போது பயிற்சிக் கையேட்டுக்கு "மனதுக்கு இனிய பணி அனுபவம்" இரண்டு பக்கம் கேட்டிருக்கிறீர்கள். இனிய அனுபவம் வேறு யாரிடமாவது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். என்னிடம் இருப்பது இதுதான். இரண்டு பக்கத்திலும் அடங்காது.

"என்க" என்று எழுத நமக்கு அரை நொடி ஆகிறது. அது மெய்தானா என்று பார்க்க, எழுபது வளைவு ஏறுகிற பஸ்ஸில் போய், இறங்கி, ஒற்றையடிப் பாதையில் இரண்டு மணி நேரம் நடக்க வேண்டியிருக்கும். நான் நடக்கவில்லை. மேஜையில் உட்கார்ந்தபடியே "என்க" என்று எழுதினேன். அதனால் ஒரு பெண் பொய்க்காரி என்று கோப்பில் ஏறினார்.

முதலில் அந்தக் கணக்குக்குப் பின்னால் இருக்கிற சூத்திரத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் பாடத்தில் செறிவு அசமன்பாடு என்று படித்திருப்பீர்கள். அதை எனக்குப் புரியவைத்தது பாடமல்ல, அடிவாரத்தில் எங்கள் பக்கம் கல்யாணப் பந்திக்குச் சமைக்கிற ஒருவர். ஆயிரம் பேருக்கு எத்தனை மூட்டை அரிசி என்று அவர் நிமிராமலே சொல்லுவார். ஒருவர் இரண்டாம் முறை வாங்குவார், ஒருவர் இலையை மூடிவிட்டு எழுந்துவிடுவார். யார் எவ்வளவு தின்பார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் மொத்தம் மட்டும் அவர் சொன்ன இடத்தை விட்டு நகராது. எப்படி என்று கேட்டேன்.

"ஆயிரம் பேருன்னா எனக்குப் பயமில்லீங்க. ஒருத்தன் எத்தன தின்னாலும் ஒரு வவுத்துக்கு மேல திங்க முடியாது. அவனவன் அவனவன் பசிக்குத் தின்னா, மிச்சமும் கொறச்சலும் சரியாப் போயிரும்ங்க. ஆனா அந்த ஆயிரம் பேரும் ஒரே ரயிலு லேட்டாகி மூணு மணிக்குக் கொலப் பசியோட வந்து எறங்குனாங்கன்னு வைங்க, அன்னைக்கு நாஞ் செத்தேன்."

செறிவு அசமன்பாடு இவ்வளவுதான். பல பேர் தனித்தனியாகத் தீர்மானிக்க வேண்டும். எந்த ஒருவருடைய கையும் மொத்தத்தைக் கொஞ்சத்துக்கு மேல் அசைக்கக் கூடாது. இந்த இரண்டும் உண்மையென்றால், மொத்தம் தன் சராசரியை விட்டு வெகுதூரம் போக வாய்ப்பு மிக மிகக் குறைவு. எவ்வளவு குறைவு என்று சூத்திரம் வரம்பு கட்டிச் சொல்லும். நல்ல சூத்திரம். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. முன்னால் இருக்கிற இரண்டு நிபந்தனைகளை விழுங்கிவிட்டு விடையை மட்டும் துப்புகிறவர்கள் மேல்தான் என் கோபம். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் இருந்தபோது நடந்தது. கொல்லிமலையில் மேட்டு நிலத்தைக் காடு என்பார்கள். சாமை விதைத்த அந்தக் காடுகளில் எத்தனையில் முளைப்பு பொய்த்தது என்று கணக்கெடுத்தோம். எந்தெந்த ஊரில் மோசமோ அந்த ஊருக்கு உடனே மாற்று விதை அனுப்புவதாக ஏற்பாடு. ஆடிக்குள் விதை போய்ச் சேர வேண்டும். ஆடிப்பட்டம் தேடி விதை என்று நமக்குப் பழமொழி இருக்கிறது. கோப்புக்கு ஒரு பட்டமும் கிடையாது, அது எந்த மாதத்திலும் தூங்கும். அதனால் எல்லோரும் அவசரத்தில் இருந்தோம்.

ஊர்களைக் குலுக்கல் முறையில் எண் போட்டு எடுத்தோம். ஊருக்கு நாற்பது காடு. கொல்லிமலையில் பல ஊர் சேர்ந்தது ஒரு நாடு; அதில் ஆலத்தூர் நாட்டில் ஓர் ஊர் வெள்ளையம்மாளுக்கு வந்தது. அவர் அந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். ஒப்பந்தத்தில் கணக்கெடுப்பு வேலை பார்த்தார். பத்தாவது முடித்தவர், நாற்பது வயது இருக்கும். ஐந்து வருடமாக அவருடைய படிவங்கள் என் மேஜைக்கு வந்துகொண்டிருந்தன. அடித்தல் திருத்தல் இல்லாத படிவங்கள். அவர் முகம் எப்படி இருக்கும் என்று அந்த ஐந்து வருடத்தில் எனக்குத் தெரியாது. அதையும் இப்போது வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

மற்ற ஊர்களில் நாற்பதுக்கு ஏழு, எட்டு, ஒன்பது என்று பொய்த்திருந்தது. எல்லாம் சூத்திரம் கட்டிய வரம்புக்குள் அழகாக உட்கார்ந்திருந்தன. வெள்ளையம்மாள் கணக்கெடுத்த ஊரில் மட்டும் முப்பத்துமூன்று.

எங்கள் மேலதிகாரி என் மேஜைக்கே வந்துவிட்டார். "மலைக்காரங்களுக்கு இலவச விதைன்னு காத்துல சேதி போனாப் போதும் மேடம், நாப்பதும் போச்சும்பாங்க. அந்தம்மாவும் அவங்க ஆளு. நாளைக்கு மத்தியானம் பட்டியல் போகணும். நம்பலாமா கூடாதான்னு உங்க கணக்கைப் போட்டுச் சொல்லுங்க."

அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. கணக்குப் போட உட்கார்ந்தேன். நாற்பது காடு, நாற்பது சார்பற்ற மாறிகள் என்க. ஒரு காடு மாறினால் மொத்தம் ஒன்றுதான் மாறும். எட்டு வரவேண்டிய இடத்தில் முப்பத்துமூன்று வர என்ன வாய்ப்பு? கோடியில் ஒன்றுக்கும் கீழே என்று வந்தது. என் மனதில் ஒரு திருப்தி ஓடியது. அதை நான் மறைக்கப் போவதில்லை. மேலதிகாரி சொன்னது வெறும் ஏளனம், நான் சொல்வது கணிதம் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தபோதாவது எனக்கு உறுத்தியிருக்க வேண்டும். அடிவாரத்து ஆட்கள் நாம் மலையைப் பற்றிச் சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்த பேச்சு எங்கே முடிந்தது, கணிதம் எங்கே தொடங்கியது என்று எனக்கே தெரியாமல் போய்விட்டது.

வெள்ளையம்மாளை மறுநாள் காலையில் வரச்சொல்லி அன்றே போன் போட்டோம். முதல் பஸ்ஸைப் பிடித்து இறங்கி வந்துவிட்டார். கையில் துணிப்பை, அதற்குமேல் மடித்த தாள் ஒன்று. நிற்க வைத்தே பேசினேன். எதிரில் நாற்காலி காலியாகத்தான் இருந்தது.

"முப்பத்துமூணு காடும் நீ நேர்ல போய்ப் பார்த்தியா?" என்றேன். அன்று அவரை நீ என்றுதான் சொன்னேன்.

"ஒவ்வொரு காடும் பாத்தேனுங்க மேடம். மண்ணக் கிண்டிப் பாத்தேன். வெத அப்பிடியே கெடக்குது, பூசணம் புடிச்சு." துணிப்பையை அவிழ்த்து ஒரு பிடி எடுத்து என் மேஜையில் வைத்தார். கருத்துப்போன சாமை.

"இது எந்தக் காட்டுதுன்னு எனக்கென்ன தெரியும்? இங்க பாரு. கணக்குப்படி இப்படி வரவே முடியாது. கோடியில ஒண்ணுகூட இல்ல."

அவர் என் தாளைப் பார்த்தார். கோடு, குறி, எண் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"ஏனுங்க மேடம், அது அத்தனையும் ஒரே ஊட்டு வெததானுங்க. எங்க பக்கம் அந்த ஊருல சாமைக்கு மட்டும் ஆளாளுக்கு வெத வெக்க மாட்டாங்க. ஒரே பரண்ல இருக்கும். நோம்பி சாட்டி, எல்லாரும் ஒரே நாள்ல வள்ளத்துல அளந்து வாங்கிட்டுப் போவாங்க. அறுத்ததுங் கொண்டாந்து கொட்டிருவாங்க. அந்தப் பரண் வெதயே இந்தத் தடவ கெட்டுப்போச்சுங்க."

கேட்டீர்களா? விடை என் மேஜைக்கு வந்து, என் முகத்துக்கு நேரே நின்று, தமிழில் பேசியது. முப்பது வருட அனுபவம் இருக்கிற நான் என்ன சொன்னேன் தெரியுமா? "விதை எந்த வீட்டுதா இருந்தா என்ன? காடு நாற்பதுதானே?" என்றேன். படிவத்தில் நிலத்தின் பரப்பு கேட்டிருந்தோம், மண் நிறம் கேட்டிருந்தோம், உரிமையாளரின் அப்பா பெயர்கூடக் கேட்டிருந்தோம். விதை எங்கிருந்து வந்தது என்று கேட்க ஒரு கட்டம் இல்லை. கட்டம் இல்லாததை நான் காதில் வாங்கவில்லை.

"இதையும் ஒருக்காப் பாத்துருங்க மேடம்," என்று அந்த மடித்த தாளை நீட்டினார்.

ஏதோ கெஞ்சல் மனு என்று நினைத்தேன். "மனுவெல்லாம் தபால் பிரிவுல குடு," என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். பட்டியல் மத்தியானம் போக வேண்டும். "இயல்பாக நிகழ வாய்ப்பில்லாத எண்ணிக்கை. புனையப்பட்ட பதிவு எனக் கருத இடமுண்டு" என்று இரண்டே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த ஊர் பட்டியலிலிருந்து போயிற்று. வெள்ளையம்மாளின் ஒப்பந்தமும் அந்த வாரமே போயிற்று.

இருபது நாள் கழித்து, ஆடி பாதிக்கு மேல் ஓடியபின், கோப்பை முடிக்க நேரடிச் சரிபார்ப்பு அறிக்கை ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள். வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம். நானே போகிறேன் என்றேன். என் கணக்கு சரி என்று கண்ணால் பார்த்துவிட்டு வரத்தான் போனேன். நியாயம் தேடிப் போனதாக யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள்.

பஸ் விட்ட இடத்திலிருந்து நடந்தேன். வழியெல்லாம் மிளகுக் கொடி, மரவள்ளி, பள்ளத்தில் நெல். எல்லாம் பச்சையாக இருந்தது. ஊரைத் தாண்டி மேட்டுக் காடு வந்ததும் பச்சை நின்றுவிட்டது. உழுத மண், மழை அடித்துக் கெட்டிப்பட்டுக் கிடந்தது. ஒரு காடு, இரண்டு காடு, ஐந்து காடு. பத்தாவது காட்டிலும் அதே கெட்டி மண். ஆனாலும் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு நாற்பதையும் சுற்றினேன். முப்பத்திரண்டு பொய்த்திருந்தன. மாதேசன் என்பவருடைய காட்டில் மட்டும் ஒரு மூலையில் பிந்தி முளைத்த பயிர் முழங்கால் உயரம் நின்றது. வெள்ளையம்மாள் அதையும் பொய்த்ததாக எழுதியிருந்தார். ஒன்றைக் கூட்டித்தான் எழுதியிருக்கிறார் என்று, அந்த நிலையிலும், என் மனம் ஓர் ஓரமாகக் குறித்துக்கொண்டது. தோற்றுக்கொண்டிருக்கிறவள் ஒரு புள்ளியாவது கிடைக்காதா என்று தேடினேன்.

விதைப் பரண் ஊர்க்கவுண்டர் வீட்டில் இருந்தது. அறுபது வயதுக்காரர். பழைய கூரை வீட்டை எடுத்துவிட்டு, போன வருடம்தான் அரசு வீட்டுத் திட்டத்தில் கான்கிரீட் வீடு கட்டியிருந்தார். நான் யார் என்று தெரிந்ததும் உட்காரச் சொன்னார், அவர் உட்காரவில்லை.

"பழைய ஊட்டுல பரணுக்கு அடியிலயேதானுங்க அடுப்பு. வருசம் பூராப் பொகை ஏறிக்கிட்டே இருக்கும். இந்தப் பனியில அந்தப் பொகைதானுங்க வெதையக் காயவெச்சுக் காப்பாத்துனது. அது எங்களுக்கே தெரியலீங்க. புது ஊட்டுக்கு வந்தோம், காஸ் அடுப்பு வந்துச்சு. பொகை இல்லீன்னு சந்தோசப்பட்டோம். வெதைய மேல ஸ்லாப்புல வெச்சோம். செவுரு ஓதம் ஏறி..." சுவரின் ஈரத்தைத் தொட்டுக் காட்டினார். "ஒரு ஊரு வவுத்துல நான் அடிச்சுட்டனுங்க," என்றார்.

"மீதி எட்டுக் காடு எப்படி முளைச்சுதுங்க?" என்று கேட்டேன்.

"ஏழு ஊட்டுப் பொண்ணுங்க பொறந்த ஊட்டுலருந்து வெத கொண்டாந்தாங்க சாமி. அரியூர் நாட்டுப் பக்கம். எங்க வள்ளத்துல வாங்கல. மாதேசன் ஒருத்தன் மட்டும் பரண் வெதையோட, எவங்கிட்டயோ கேட்டு ஒரு படி கலந்துட்டான்."

அந்த வீட்டு வாசலில் நின்றுகொண்டு என் கணக்கைத் திரும்பப் போட்டேன். தாள் வேண்டியிருக்கவில்லை. நான் நாற்பது மாறி என்று எண்ணினேன். அந்த மலையில் அந்த வருடம் ஓடியது ஒரே மாறி. ஒரு பரண். அந்தப் பரண் ஒன்று மாறினால் மொத்தம் ஒன்று மாறாது, முப்பதுக்கு மேல் மாறும். அப்படி ஒரே கையில் முழு மொத்தமும் இருக்கிற இடத்தில் செறிவு அசமன்பாட்டைக் கேட்டால், "எனக்கு இதில் சொல்ல ஒன்றுமில்லை" என்றுதான் அது சொல்லும். அது யோக்கியமான சூத்திரம். கோடியில் ஒன்று என்பது சூத்திரம் சொன்னதல்ல, அதன் வாயில் நான் திணித்தது. ஆயிரம் பேரும் ஒரே ரயிலில் வந்திருக்கிறார்கள், நான் தனித்தனியாகச் சைக்கிளில் வந்ததாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஊர்களைக் குலுக்கிப் போட்டுத்தானே எடுத்தோம், பிறகு எப்படிச் சார்பு வந்தது என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். நானும் அதைத்தான் பிடித்துக்கொண்டு தொங்கினேன். நாம் குலுக்கியது ஊரை. ஊருக்குள் விதை, மழை, நோம்பித் திருவிழா, சம்பந்தம் எல்லாம் நாம் குலுக்காமலே ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. நாம் சீட்டுப் போட்டதாலேயே அவர்கள் ஒருவரையொருவர் தெரியாதவர்கள் ஆகிவிட மாட்டார்கள்.

கீழே இறங்கி வந்ததும் என் அறிக்கையை ரத்து செய்யச் சொல்லி எழுதினேன். மேலதிகாரி கதவைச் சாத்தச் சொன்னார்.

"நீங்க போட்ட கணக்குதானே மேடம். இப்ப தப்புன்னு எழுதினா, மத்த கணக்கையெல்லாம் கேள்வி கேக்க மாட்டாங்களா?"

"கேக்கட்டும் சார். கேக்க வேண்டியதுதான்."

"அந்தம்மாவுக்கு வேலை வேணும், அவ்வளவுதானே? சந்தேகத்தின் பலனை அளித்து மீண்டும் எடுத்துக்கொள்ளலாம்னு போட்டு முடிச்சிரலாம்."

சண்டை போட்டேன். குரல் வெளியே கேட்டது என்று பிறகு சொன்னார்கள். ஆனாலும் அவர் சொன்ன வாசகம்தான் போயிற்று. விதை மூட்டைகள் புரட்டாசியில் மலை ஏறின. புரட்டாசியில் சாமை விதைத்து யார் அறுப்பது? லாரிக்காரர் இறக்கி வைத்துவிட்டு ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். "மாற்று விதை வழங்கப்பட்டது" என்று அந்தக் கோப்பு இன்றைக்கும் சொல்லும். அதைப் படிக்கிறவர்கள் நம்மை மெச்சுவார்கள்.

வெள்ளையம்மாளுக்குப் போன கடிதம் ஒரே வாரத்தில் பதிவுத் தபாலில் திரும்பி வந்தது. பின்பக்கத்தில் அடித்தல் திருத்தல் இல்லாத அதே கையெழுத்து. "ஐயா, என்மேல் சந்தேகப்பட்டது நீங்கள். அதன் பலனை நீங்களே வைத்துக்கொள்ளவும்."

மேலதிகாரி அதைத் திமிர் என்றார். நான் அதை நகல் எடுத்து என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். பிறகு பதினைந்து நாள் ஒவ்வொரு அறையாக ஏறி இறங்கி, இன்னொரு கடிதத்துக்கு அனுமதி வாங்கினேன். அதை நானே எழுதினேன். பதிவு புனையப்பட்டதல்ல. பிழை கணக்கீட்டுப் பிரிவுடையது. சார்பற்றவை அல்லாதவற்றைச் சார்பற்றவை எனக் கொண்டதால் நேர்ந்தது. இப்படிப் போயிற்று கடிதம். கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். "எனினும் ஒரு நிலத்தைப் பொறுத்தவரை களப்பணியாளரின் பதிவில் கவனக்குறைவு காணப்பட்டது." யாரும் அந்த வரியை எழுதச் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் பார்த்து எழுதுகிறவள் என்று காட்டிக்கொள்ள நானேதான் எழுதினேன்.

ஐப்பசி மழையில் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஆலத்தூர் நாட்டுக்குப் போனேன். தபாலில் அனுப்ப மனம் வரவில்லை. வெள்ளையம்மாள் வீட்டில் மரவள்ளிக் கிழங்கை நறுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைக் கழுவிவிட்டு நாற்காலியை எடுத்துப் போட்டு, "உக்காருங்க மேடம்," என்றார். என் அலுவலகத்தில் காலியாக இருந்த நாற்காலி எனக்கு நினைவு வந்தது. "நீங்களும் உக்காருங்க," என்றேன். நீங்க என்பது அன்றுதான் என் வாயில் வந்தது.

கடிதத்தைக் கொடுத்தேன். அவர் படிவத்தைச் சரிபார்ப்பதுபோல ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். பிழை எங்களுடையது என்கிற இடத்தில் விரல் நின்றது, பிறகு நகர்ந்தது. கடைசி வரியில் நின்றது. அங்கிருந்து நகரவில்லை.

"இது யாருங்க எழுதுனது?"

"நான்தான்."

"மாதேசன் காடுங்களா?"

"ஆமா. நான் போய்ப் பார்த்தப்ப ஒரு மூலையில முளைச்சிருந்தது. நீங்க பொய்ச்சதுன்னு எழுதியிருந்தீங்க."

அவர் எழுந்து உள்ளே போனார். ரேஷன் கார்டு வைக்கிற பிளாஸ்டிக் கவரோடு வந்தார். அதிலிருந்து ஒரு தாளை எடுத்தார். நாலாக மடித்தது, மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தது. எங்கேயோ பார்த்த தாள் என்று தோன்றியது. வாங்கிப் பிரித்தேன்.

"திருத்தம்," என்று மேலே எழுதியிருந்தது. "மாதேசன் காட்டில் ஒரு மூலையில் பிந்தி முளைப்பு கண்டேன். எனவே என் பதிவில் முப்பத்துமூன்று என்பதை முப்பத்திரண்டு எனக் குறைத்துக்கொள்ளவும்." கீழே அவர் கையெழுத்து, மாதேசன் கையெழுத்து, தேதி. நான் அவரை அலுவலகத்தில் நிற்க வைத்ததற்கு முந்தின நாள் தேதி.

எண்ணிக்கையைக் கூட்டி எழுதியவர் என்று நான் கோடியில் ஒன்றைக் காட்டிக்கொண்டிருந்த நேரத்தில், அந்தப் பெண் தன் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைக்கச் சொல்லும் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

"தபால் பிரிவுல குடுத்தேனுங்க," என்றார். "மேடம்கிட்டயே குடுன்னு திருப்பிட்டாங்க. மறுக்கா மேல வந்தேன், நீங்க பட்டியலோட ஜீப்புல ஏறிட்டீங்க."

தாளைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அவர் கீழே உட்கார்ந்து கத்தியை எடுத்துக் கிழங்கை நறுக்க ஆரம்பித்தார். தலையை நிமிர்த்தாமலே கேட்டார்:

"இப்பவாச்சும் வாங்கிக்கிறீங்களா மேடம்?"